பட்டி பார்த்த வண்டி

என் அக்கா வெர்னாவின் பிக்கப் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாகவே கைவந்திருந்தது.

மார்ச் கடைசி சனிக்கிழமை காலையில் அக்கா புருஷன் மெர்ல் போன் செய்தான். மெர்ல் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்து, கடைசியில் என்னைவிட மூன்று வயது பெரியவளான என் அக்காவைக் கட்டிக்கொண்டவன். வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்றான். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது வண்டியின் பின்பக்கம் தவளை மாதிரி குதிக்கிறதாம், வெர்னாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பயமாக இருக்கிறதாம். புது ஷாக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறான். வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம், ஒர்க்‌ஷாப்காரனுக்கு எதற்கு அழ வேண்டும் என்றான்.

"ஒரு மணி நேர வேலைடா. வந்து ஸ்பேனர் எடுத்துக் குடு. ஒண்டியா வண்டிக்கு அடியில போனா வெர்னா திட்டுவா."

எங்கள் ஊரில் பின்பக்க ஷாக் மாற்றுவது யாருக்கும் ஒரு மணி நேர வேலையாக இருந்ததில்லை. போல்ட்டெல்லாம் துருவேறி ஒன்றோடொன்று குடும்பமாகிப் போயிருக்கும். வேறு நாளாக இருந்திருந்தால் அதைச் சொல்லி அவனைக் கிண்டலடித்திருப்பேன். அன்றைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஷாக்கைக் கழற்றப் படுக்கிறவனுடைய மூக்குக்கு நேர் மேலே, வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் இருக்கும். பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டால்தான் பார்க்காமல் இருக்க முடியும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவின் மேற்கு மூலையில், எங்கள் ஆற்றோரத்தில், நவம்பரிலிருந்து ரோடெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். பனி கரையும், உப்பு வண்டிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்னும். பத்து வருஷத்து வண்டி மேலே பளபளவென்று நிற்கும், அடியில் சேஸிஸ் விரலால் குத்தினால் உதிரும். வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சேஸிஸில் ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் கிடையாது, வண்டி காயலான் கடைக்குத்தான். அதனாலேயே எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு கைவேலை தெரியும். ஓட்டையில் கம்பி வலையை வைத்து, பட்டி பூசி, தேய்த்து, மேலே கருப்புத் தார்ப்பூச்சை அடித்துவிட்டால் போதும், பார்க்கிறவன் இரும்பென்றுதான் நினைப்பான். இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. "ஸ்டிக்கருக்குத் தயார் பண்ணினேன்" என்று சொல்வோம். காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்.

போன வருஷம் ஏப்ரலில் நானும் என் வண்டியை ஸ்டிக்கருக்குத் தயார் பண்ணினேன். பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் சேஸிஸ் போயிருந்தது. முதலில் இடது பக்கத்தைப் பார்த்தேன். பழைய வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டை வெட்டி, மடக்கி, ரிவெட் அடித்து, அதற்கு மேல் பட்டி பூசினேன். சுத்தியால் தட்டினால்கூட 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்தது. நானே என்னை மெச்சிக்கொண்டேன். வலது பக்கம் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. அங்கே வெறும் வலையும் பட்டியும்தான். ஸ்டிக்கர் கிடைத்தது. வண்டியில் 'விற்பனைக்கு' என்று அட்டை எழுதி வைத்தேன். முன்பின் தெரியாத எவனோ வாங்கிக்கொண்டு போவான், என் கண்ணில் படாத ஏதோ ஒரு ரோட்டில் ஓட்டுவான் என்பதுதான் என் கணக்கு.

நான்காம் நாள் வெர்னா வந்து நின்றாள். அவளுடைய கார் இன்ஜின் போய்விட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போக வண்டி வேண்டும். மகள் வேலைக்குப் போகும் நாட்களில் பேத்தி ஜோலீனைக் கொண்டுவந்து விடவும் வண்டி வேண்டும். அட்டையைப் பார்த்தாள். "இத எனக்குக் குடுத்துடேன், லென். தெரியாதவன்கிட்ட வாங்கி நான் ஏமாற வேண்டாம்ல," என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. என் வாய் திறந்தது, அதிலிருந்து வந்தது, "இன்ஜின் ஆயில மட்டும் நேரத்துக்கு மாத்திடு," என்பதுதான். அன்றைக்கு அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் வெட்கம் மட்டும்தான். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் 'ஒரு மாசம் ஏன் சொல்லல' என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். விவாகரத்தான பிறகு எனக்கென்று இருந்தது வெர்னா வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் உட்காருவேன். வாசலில் அந்த வண்டி நிற்கும். அதன் பக்கம் திரும்பாமல் உள்ளே நுழைவேன்.

இப்படிப்பட்டவன்தான் அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் போய் இறங்கினேன்.

மெர்ல் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தான். கராஜுக்கு முன்னாலிருந்த சிமெண்ட் தரையில் வண்டி நின்றது. வலது பின் சக்கரத்தைக் கழற்றி எட்டத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். ஜாக்கி வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. மெர்ல் முழங்காலில் உட்கார்ந்து, ஜாக்கியை இறக்கிய பிறகு எடையைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். எந்த இடத்துக்கு? அதே இடத்துக்கு. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், என் பட்டிக்கு நேர் கீழே.

வெர்னா வாசல் படியில் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் குளிரில் இவளுக்கு வெளியே என்ன வேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மற்றதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"ஸ்டாண்ட ஆக்ஸிலுக்குக் கீழ குடேன்," என்றேன்.

"ஆக்ஸில் கீழ தொங்கணும்ல. தொங்கினாத்தான் புது ஷாக் ஒழுங்கா உள்ள உக்காரும். உனக்குத் தெரியாததா?"

சரியான பதில். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியானால் ஸ்டாண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். அங்கே பெட்ரோல் டாங்க் இருக்கிறது என்றான். கழற்றிய சக்கரத்தையாவது அடியில் படுக்கப் போடச் சொன்னேன், வண்டி சறுக்கினாலும் அது தாங்கும். கால் இடிக்கும் என்றான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஜாக்கியின் பிடியைத் தளர்த்தினான். வண்டியின் எடை மெல்ல ஸ்டாண்டின் மேல் இறங்கியது. எங்கோ ஒரு முனகல் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதா, நிஜமாகவே கேட்டதா தெரியவில்லை. மெர்ல் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தான். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அட்டையின் மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, மல்லாக்கப் படுக்கப் போனான்.

இப்போதாவது சொல்லுவேன் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சொன்னது இதுதான்: "நகரு. நான் போறேன் அடியில."

"உனக்குத்தான் முதுகு பிடிச்சிருக்கே."

"உன் தொப்பைக்கு அங்க எடம் பத்தாது. நகருடா."

மெர்ல் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி வெர்னாவைப் பார்த்தான். அவள் படியிலிருந்து எழுந்து நின்றுவிட்டிருந்தாள். மெர்ல் எழுந்து வழிவிட்டான்.

நான் படுத்தேன். குதிகாலால் தரையை உந்தி உந்தி உள்ளே போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. விழுந்தால் என் மேல்தானே விழும், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. அரை டன் இரும்புக்குக் கீழே படுத்துக்கொண்டு ஐம்பத்தாறு வயது மனுஷன் யோசிக்கிற யோசனையா இது? ஆனால் யோசித்தேன்.

தலையைத் தூக்கி, ஸ்டாண்டின் உச்சி எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்தேன்.

என் பட்டி அங்கே இல்லை.

அந்த இடத்தில் புது இரும்புத் தகடு இருந்தது. கால் அங்குலக் கனம். நான்கு பக்கமும் சீராக, நெருக்கமாக வெல்டிங் ஓடியிருந்தது. அதன் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட். ஸ்டாண்டு அதன் மேல் கல்லாக உட்கார்ந்திருந்தது. இரண்டு வண்டியை அடுக்கினாலும் தாங்கும்.

கையிலிருந்த ஸ்பேனர் என் நெஞ்சின் மேல் விழுந்தது, அந்த வலிகூட உறைக்கவில்லை. விரலால் அந்த வெல்டிங்கைத் தடவினேன். துருவின் ஒரு சின்னப் புள்ளி தென்பட்டது. நேற்றோ போன வாரமோ செய்த வேலை இல்லை. ஒரு குளிர்காலத்தைத் தாண்டி வந்த வேலை.

வெளியே மெர்லின் பூட்ஸ் என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. நான்தான் கேட்டேன்.

"எப்போ பாத்த?"

"அக்டோபர்ல. சைலென்சர் தொங்குதுன்னு அடியில போனேன். சைலென்சர் சூட்டுல உன் பட்டி பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவர வெச்சேன், கைப்பிடி வரைக்கும் உள்ள போச்சு."

அக்டோபர். அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்கு அந்த மேஜையில் உட்கார்ந்து வான்கோழியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். கிறிஸ்துமஸ் அன்று, பாத்திரம் துடைத்துக்கொண்டே வெர்னா சாதாரணமாகத்தான் கேட்டாள், அந்த வண்டியைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா, லென், என்று. நல்ல வண்டி, உன்னைக் கைவிடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவள் கையிலிருந்து தட்டை வாங்கி அடுக்கினேன். எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

வெர்னாவின் செருப்பு வந்து மெர்லின் பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு அவள் முழங்கால் மடங்கியது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் என்னைப் பார்த்தாள்.

"மெர்ல் அடியில போறதுக்கு முன்னாடி நீ சொல்லிடுவன்னு சொன்னேன். நீ பேசாம வேடிக்கை பாப்பன்னு இவன் சொன்னான். ரெண்டு பேருமே தப்பா சொல்லிட்டோம்," என்றாள். "ஒரு வார்த்தை சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, சாகறதுக்குத் துணிஞ்சுட்ட."

நான் வெளியே வரவில்லை. வர முடியவில்லை. அங்கே படுத்தபடியே, அதை அவளுக்காகச் செய்யவில்லை, யாரோ ஒருவனுக்கு விற்கத்தான் செய்தேன், நீ வந்து கேட்பாய் என்று எனக்கெப்படித் தெரியும் என்று உளறினேன். ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிச் சமாதானம் செய்துகொண்ட வார்த்தைகள் அவை. வாய்விட்டுச் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருந்தன.

"அந்த யாரோ ஒருத்தனுக்கு அக்கா இருக்க மாட்டாளா?" என்றாள் வெர்னா.

அவள் கத்தவில்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆற்றுப் பாலத்தின் மேல் தினமும் இரண்டு தடவை போய்வந்ததைச் சொன்னாள். வாரத்தில் மூன்று நாள் பின் சீட்டில் ஜோலீன் தூங்கிக்கொண்டு வருவாளாம். ஒரு தடவை பாலத்தின் நடுவில் 'டப்' என்று சத்தம் கேட்டு, ஓரமாக நிறுத்தி, டயரைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மறுபடி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. நான் மேலே இருந்த வெல்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெர்ல் கனைத்துக்கொண்டான். "படுத்தது படுத்துட்ட. ஷாக்கக் கழட்டு," என்றான்.

அதுதான் மெர்ல். இரண்டு பேர் அழும் நிலையில் இருந்தால் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடுவான். நான் வேலையைச் செய்தேன். மேல் போல்ட் எண்ணெயில் ஊறி இளகிவிட்டிருந்தது, கீழ் போல்ட் அசையவில்லை. கட்டிங் மெஷினால் அறுத்தேன். பொறி பறந்து என் கழுத்தில் விழுந்தது, விழட்டும் என்று விட்டுவிட்டேன். பழைய ஷாக்கை வெளியே உருட்டினேன். மெர்ல் அதைக் கையால் அழுத்திக் காட்டினான், அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தது, அதற்குள் உயிரே இல்லை. புது ஷாக் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி வந்திருந்தது. இடத்தில் வைத்துப் பட்டையை வெட்டினதும் தானாகவே மெல்ல நீண்டு போல்ட் துளையில் போய் உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கினேன். வெளியே வந்தேன்.

வெர்னா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கழுத்தில் பொறி பட்ட இடத்தை அவள் விரல் லேசாகத் தொட்டது. சின்ன வயதில் நான் எங்கேயாவது விழுந்து எழுந்து வந்தால் முதலில் இப்படித்தான் பார்ப்பாள், அப்புறம்தான் அடிப்பாள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கி வைத்திருக்கிறேன், முடித்துவிட்டு உள்ளே வந்து சாப்பிடுங்கள் என்றாள். 'சாப்பிடுங்கள்' என்றாள். அதில் நானும் சேர்த்தி.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துருத்தூள் விழுந்தது மாதிரி கையால் துடைத்துக்கொண்டேன்.

அவள் உள்ளே போகத் திரும்பியவள், நின்றாள். "வேற ஏதாவது இருக்கா, லென்? இருந்தா இப்பவே சொல்லிடு. இன்னிக்கு நான் கேட்டுக்குவேன்."

"இல்ல," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக வந்தது. ஒரு வருஷம் பழக்கிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அடுப்படியின் சூடும் அந்த நூடுல்ஸ் வாசனையும் திறந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்தன. உள்ளே போக இன்னும் பத்தடிதான் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு, உள்ளே போகாமல் படியிலேயே மறுபடி உட்கார்ந்தாள்.

நான் அங்கேயே நின்றேன். அவர்களுக்கு வலது பக்கம் மட்டும்தான் தெரிகிறது. இடது பக்கத்தை மெர்ல் பார்க்காமல் இருந்திருப்பானா? நிச்சயம் தட்டிப் பார்த்திருப்பான். 'டங்' என்று இரும்புச் சத்தம் வந்திருக்கும். இந்தப் பக்கம் தப்பித்தது என்று நினைத்திருப்பான். என் கைவேலை அவ்வளவு நன்றாக இருந்தது.

மெர்ல் வலது சக்கரத்தை மாட்டினான். வண்டியை இறக்கினான். ஜாக்கியை இழுத்துக்கொண்டு இடது பக்கம் போனான். சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தான். விசிலடித்துக்கொண்டே வேலை செய்தான். அவன் மனதிலிருந்து பாரம் இறங்கிவிட்டது, பார்த்தாலே தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்று, இந்தப் பக்கமும் நானே அடியில் போகிறேன் என்றேன்.

"போதும்டா உன் தியாகம். முதுகப் பிடிச்சுக்கிட்டு நிக்கற. நீ ஸ்பேனர் எடுத்துக் குடு," என்றான் மெர்ல், சிரித்துக்கொண்டே.

ஸ்டாண்டைத் தள்ளினான். அதே அளவு, பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால். ஜாக்கியைத் தளர்த்தினான். எடை இறங்கியது. வாஷிங் மெஷின் தகடு அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். மெர்ல் அட்டையில் மல்லாந்தான். தோள் உள்ளே போனது. தலை உள்ளே போனது. பிறகு எனக்குத் தெரிந்தது அவனுடைய இரண்டு பூட்ஸும் தொப்பையும் மட்டும்தான். உள்ளேயிருந்து கையை நீட்டினான், "பதினெட்டாம் நம்பர் குடு," என்றான்.

என் கையில் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. அதைக் கொடுக்க என் கை நீண்டது. அந்தக் கையைப் பார்த்து நான் அரண்டுபோனேன். அது என் கைதானா? வெர்னாவின் புருஷன் அங்கே அடியில் கிடக்கிறான், இது ஸ்பேனரை நீட்டுகிறது.

ஸ்பேனரைக் கீழே போட்டேன். குனிந்து மெர்லின் இரண்டு கணுக்காலையும் பிடித்தேன். அட்டையோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவன் தலை எதிலோ இடித்தது, கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். அட்டை பாதி உள்ளேயே கிழிந்து தங்கிவிட்டது, அவன் வெளியே வந்துவிட்டான்.

"இந்தப் பக்கமும்தான்," என்றேன். "இந்தப் பக்கமும் நான்தான் பண்ணினேன்."

மெர்ல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். அவனுக்குப் புரியவில்லை. அக்டோபரிலேயே இந்தப் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன், நல்ல இரும்பு என்றான். இரும்பு இல்லை, வாஷிங் மெஷின் தகடு, உள்ளே காலி என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தானோ, பழிக்குப் பழியாகப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்தானோ, தெரியாது. எழுந்து சுத்தியை எடுத்தான். எங்கே என்று கேட்டான். நான் தள்ளி நின்று, ரிவெட் ஓடும் வரிசையைக் கை நீட்டிக் காட்டினேன்.

முதல் அடிக்கு 'டங்' என்றது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் கீழே என்றேன். அவனும் ஓரடி பின்னால் நகர்ந்து, கையை மட்டும் நீட்டி, இரண்டாவது அடியை ஓங்கிப் போட்டான்.

தகடு கிழியும் சத்தம் நீளமாக வந்தது. ஸ்டாண்டு சேஸிஸுக்கு உள்ளே சொருகிக்கொண்டு மேலே ஏறியது. வண்டி அப்படியே உட்கார்ந்தது. சக்கரம் இல்லாத பிரேக் டிரம் சிமெண்டில் மோதியதில் கராஜ் கதவு அதிர்ந்தது. துருத்தூள் வாளி வாளியாகக் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. தூசி அடங்கியபோது பார்த்தேன், உள்ளே கிடந்த அட்டையின் மேல் ஆக்ஸில் அழுந்தியிருந்தது. மெர்லின் தலை இருந்த இடம் அது.

மெர்லின் கையிலிருந்து சுத்தி நழுவி விழுந்தது. அவன் மெதுவாகப் போய் கராஜ் சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டான். கைகளை அக்குளில் கொடுத்துக்கொண்டான். நான் நின்றபடியே இருந்தேன். உட்கார எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெர்னா படியிலிருந்து இறங்கி வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. நேராக மெர்லிடம் போனாள். அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் வீங்கியிருந்த இடத்தைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளை அழுது பார்த்திருக்கிறேன், கோபத்தில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. தெரியாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, யார் திறப்பார்கள் என்று நிற்பவளைப் போல இருந்தாள்.

"கொஞ்ச நேரம் முன்னாடிதான் கேட்டேன்," என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல," என்றேன். இந்தத் தடவை அது உண்மை. சத்தியமாக உண்மை.

வெர்னா கோட்டைக் கழற்றிப் படியில் வைத்தாள். மெர்லின் சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்தாள். வண்டியின் முன்பக்கம் போய், ஈரச் சிமெண்டில் கையை ஊன்றிக் குப்புறப் படுத்து, முன் சக்கரத்திலிருந்து ஒவ்வொரு அங்குலமாகத் தேட ஆரம்பித்தாள்.